பழைய மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியில் கறள் (கண்டிப் பகுதி)

கறள் அல்லது துரு என்பது இரும்பு, நீர், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்து உண்டாகும் நீரேறிய இரும்பு ஒட்சைட்டு. மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கிக்குள் அது பிடித்தால் மெல்லிய தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். உதிரும் தூள் காபரேட்டரின் ஊசித்துளை ஜெட்டை அடைக்கும். கண்டி நகரிலும் பேராதனை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை, குண்டசாலைப் பக்கங்களிலும் பழைய ஹொண்டா சி-70, சி-90, எம்டி-90, சிடி-125 வண்டிகளை வைத்திருப்போர் அடிக்கடி சந்திக்கும் பழுது இது. கறளை எடுப்பது அவ்வளவு கடினமில்லை. எடுத்த தாங்கியை மறுபடி மஞ்சளாகாமல் காயவைப்பதில்தான் கண்டியின் ஈரக்காற்று ஆளைத் தோற்கடிக்கிறது.

நீர் வரும் வழி

கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீற்றர் மழை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை நன்றாகவே கொட்டும். பாதி வெறுமையான தாங்கியில் இரவுக் குளிருக்கு ஆவி படிந்து நீர் சேர்கிறது என்பது கராஜ்களில் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அது உண்மைதான், ஆனால் அளவு சிறியது. பத்து லீற்றர் தாங்கியில் 5 லீற்றர் காற்று இருக்கிறது என்று வைப்போம். 28 பாகை செல்சியசில் ஈரம் நிறைந்த அந்தக் காற்று விடியலில் 18 பாகைக்குக் குளிர்ந்தால், படியும் நீர் கிட்டத்தட்ட 0.06 கிராம். அது ஒரு துளி. மூடியின் சிறு துளை வழியே நாளொன்றுக்கு உண்மையில் மாறும் காற்று மிகக் கொஞ்சம் என்பதால், அந்த ஒரு துளியும் தினமும் சேராது.

தாங்கியின் மேல்கூரையில் பெற்றோல் படாத இடத்துக்கு அந்த மெல்லிய ஈரமே போதும். அங்கே கறள் பொடிபோலப் படரும். அடியில் கரண்டிக் கணக்கில் தேங்கும் தண்ணீர் வேறு வழியாக வந்தது. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கும், அல்லது மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மழைநீர் நின்றிருக்கும். தாங்கி இருக்கைக்குக் கீழே இருக்கும் ஹொண்டா கப் வகை வண்டிகளில், நனைந்த இருக்கைப் பஞ்சு நாள் முழுவதும் மூடியின்மேல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே புதிய ரப்பர் வளையம் போடாமல் கறளை மட்டும் எடுப்பது வீண் வேலை.

பெற்றோலைவிட நீர் கனமானது. பெற்றோல் குழாயின் சாதாரண நிலையில் எரிபொருள் அடியிலிருந்து சற்று உயர்ந்த செங்குத்துக் குழல் வழியே இறங்கும். ரிசேர்வ் நிலையில்தான் அடிமட்டத்திலிருந்து வரும். ரிசேர்வுக்கே திருப்பாமல் ஓடுபவரின் தாங்கியில் நீர் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். சட்டகத்தின்மேல் சேணம்போல் உட்காரும் தாங்கிகளில் குழாய் ஒரு பக்கம் மட்டும் இருந்தால், மறுபக்கத் தாழ்வில் இன்னும் மோசம். முதலில் துளை விழுவது பெரும்பாலும் அந்த மூலையில்தான். பெற்றோலுடன் எண்ணெய் கலந்து ஊற்றும் இருவீச்சு வண்டிகளுக்கு (1948 முதல் 1971 வரை உற்பத்தியான பிஎஸ்ஏ பான்டம் போன்றவை) அந்த எண்ணெய்ப் படலம் ஓரளவு பாதுகாப்பு.

2022இன் எரிபொருள் தட்டுப்பாடு இந்தப் பழுதைப் பெருக்கியது. எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். பல வண்டிகள் வெறுந்தாங்கியோடு நின்றன. வாகன இறக்குமதியும் 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை நிறுத்தப்பட்டிருந்ததால், ஒதுக்கிப் போட்ட பழைய வண்டிகளைத் திரும்ப எடுத்துச் செப்பனிட வேண்டிய தேவையும் வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளுக்குள் சேறும் புகுந்தது.

சோதித்தல்

குழாயைக் கழற்றி, அடிப்பெற்றோலை ஒரு கண்ணாடி ஜாம் போத்தலில் பிடித்து ஐந்து நிமிடம் வைத்தால் நிலைமை தெரியும். அடியில் நீர் தனிக் குமிழாக உருளும். செம்பழுப்புத் தூள் அந்தக் குமிழுக்குள்ளேயே சுழலும். உள்ளே பார்க்க சிறிய எல்ஈடி டோர்ச் போதும். தீப்பெட்டி பக்கத்திலேயே வரக்கூடாது. காற்றில் பெற்றோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் இருந்தாலே தீப்பற்றும். நிரம்பிய தாங்கியைவிட, காலியாக்கிய தாங்கிக்குத்தான் வெடிக்கும் ஆபத்து அதிகம். ஒட்டு வைக்க வெல்டிங் பட்டறைக்குக் கொடுப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

எடுக்கும் முறைகள்

முதலில் சவர்க்காரத்தூள் கலந்த சுடுநீரால் கழுவி, பழைய பெற்றோலின் பிசினை நீக்க வேண்டும். பிசின் மூடிய கறளை எந்த அமிலமும் தொடாது. தடித்த செதில்களை உதிர்க்க ஒரு துண்டுச் சங்கிலியைப் போட்டுக் குலுக்குவது நல்லது. நட்டுகளையும் கூழாங்கற்களையும் போடுவோர் உண்டு. எண்ணிப் போட்டதை எண்ணி எடுக்க வேண்டும், ஒன்று மடிப்புக்குள் சிக்கினால் காலத்துக்கும் கலகலக்கும்.

அமிலங்களில் வீட்டுக்கு ஏற்றது சிட்ரிக் அமிலம். பத்து லீற்றர் சுடுநீருக்கு அரைக் கிலோ போட்டு, தாங்கியை விளிம்புவரை நிரப்பி ஒரு இரவு வைத்தால் போதும். பிலிமத்தலாவையில் பித்தளை வேலை செய்வோர் நன்கறிந்த புளி, தேசிக்காயின் வேலையும் இதே வகைதான்: கரிம அமிலம் ஒட்சைட்டைக் கரைத்து உலோகத்தைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. வினாகிரியின் அமிலம் இதைவிட வலுக் குறைந்தது என்பதால் இரண்டு மூன்று நாள் பிடிக்கும். கழிப்பறை கழுவும் ஐதரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுவது பெரும் தவறு. அது கறளோடு தகட்டையும் தின்னும், குரோமையும் கெடுக்கும். எந்த அமிலமானாலும் வாயைச் சுற்றி கிறீஸ் பூசினால் வெளிப் பெயின்ட் தப்பும்.

மின்பகுப்பு பொறுமைசாலிகளுக்கு உரியது. நான்கு லீற்றர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் பட்டரி சார்ஜர், ஒரு சாதாரண இரும்புக் கம்பி வேண்டும். கம்பி நேர்முனை, தாங்கி எதிர்முனை. மாற்றிக் கொடுத்தால் தாங்கியே கரையும். கம்பி தாங்கியில் எங்கும் முட்டக்கூடாது. துருப்பிடிக்காத உருக்குக் கம்பியைப் பயன்படுத்தினால் நச்சுக் குரோமியச் சேர்மம் உருவாகும்; கறியுப்பைப் போட்டால் குளோரின் கிளம்பும். ஐதரசன் வருவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். கழிவைக் கானில் ஊற்றுவது தவறு: கண்டியின் மெத எல ஓடை கெட்டம்பேயில் மகாவலி ஆற்றில் விழுகிறது, நகரம் குடிப்பதும் மகாவலித் தண்ணீர்.

காயவைத்தல்

அமிலத்தை வடித்ததும் உட்சுவர் சாம்பல் நிறத்தில் சுத்தமாகத் தெரியும். அந்த நிலை நீடிக்காது. ஈரமான வெறும் உருக்கு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சில நிமிடங்களில் மெல்லிய மஞ்சள் பூசிக்கொள்ளும். அதனால் அப்பச்சோடாக் கரைசலும் ஸ்பிரிட்டும் ஊதும் கருவியும் கைக்கெட்டும் இடத்தில் தயாராக இருக்க வேண்டும். சோடாக் கரைசல் எஞ்சிய அமிலத்தை அடக்கும். பிறகு ஒரு முறை நீர். உடனே கால் லீற்றர் ஸ்பிரிட்டை ஊற்றி எல்லா மூலையும் படும்படி உருட்டினால், மீந்த நீரைத் தன்னோடு சேர்த்து வெளியே கொண்டுவரும். ஸ்பிரிட்டும் தீப்பற்றக்கூடியது, அதை முழுக்க வடித்து, ஆவி போனபின் சூடில்லாத காற்றை ஊதலாம். கடைசியாக, கொஞ்சம் டூ-டி (இருவீச்சு) எண்ணெய் கலந்த பெற்றோலால் சுவர் முழுவதையும் நனைக்க வேண்டும். ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே, பனி விலகி வெயில் ஏறிய காலைதான் இந்த வேலைக்கு உகந்த நேரம். ஒக்டோபர் மழையில் தொடங்கினால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய நேரும்.

உள்ளே இப்பொக்சிப் பூச்சு ஊற்றுவது கடைசி வழியாக இருக்கட்டும். கறளும் எண்ணெயும் மிச்சமிருக்கும் சுவரில் அது ஒட்டாது. சில ஆண்டுகளில் தோல்போல் உரிந்து குழாயை அடைக்கும். அதை எடுப்பது கறளை எடுப்பதைவிடத் துன்பம். ஊசித்துளைகள் பல இருந்தால் மட்டும் பூச்சு நியாயம். அடித்தகடு விரலால் அழுத்தினாலே அமுங்கினால் டின்கர் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துத் தகடு மாற்றுவதே சரி.

தாங்கியைப் பூட்டியபின் குழாய்க்கும் காபரேட்டருக்கும் நடுவில் ஒளிபுகும் வடிகட்டி ஒன்றைப் போட வேண்டும். முதல் இரண்டு முறை தாங்கி நிரம்பி ஒழியும்வரை அது பழுப்பாகும்; மாற்றிவிட்டு ஓடலாம். மூன்றாவது முறையும் பழுப்பானால் மூடியைத்தான் மீண்டும் பார்க்க வேண்டும்.