தனுசில் தெரிந்த சிவப்பு: கிழவனா, குழந்தையா?

1966. கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையில் எரிக் பெக்லின் என்ற ஆய்வு மாணவர், தனுசு ராசிப் பக்கம் 2.2 மைக்ரான் அகச்சிவப்புக் கதிரைத் தேடினார். நம் பால்வெளியின் நடுவம் முதன்முறையாக அகச்சிவப்பில் அகப்பட்டது. வழிகாட்டி கெர்ரி நியூகபௌருடன் 1968இல் அதை வெளியிட்டார்.

நடுவம் 26,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. இடையிலுள்ள தூசி, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்கைத்தான் விடும், 2.2 மைக்ரானிலோ ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வந்துவிடும்.

வழித் தூசியைத் தாண்டியாயிற்று. நட்சத்திரங்கள் தாங்களே போர்த்தியிருக்கும் தூசி? அங்கேதான் சிக்கல். 1995இல் ஐரோப்பா ஏவிய ஐ.எஸ்.ஓ. விண்கலத்தின் ஐசோகால் ஆய்வு, 7, 15 மைக்ரான்களில் ஏராளமான செம்புள்ளிகளைக் கண்டது. கருமேகத்துக்குள் பிறக்கும் குழந்தை நட்சத்திரமும் சிவப்பு. தூசியை உமிழ்ந்தபடி முடிவை நெருங்கும் கிழ நட்சத்திரமும் சிவப்பு. நிறத்தை நம்பி வயது சொல்ல முடியாது. மும்பை டாடா நிறுவனத்தின் தேவேந்திர ஓஜா, அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் சசிகிரண் கணேஷ் உள்ளிட்டோர் 2003இல் ஐசோகால் தரவுகளைக் கொண்டு அலசியது, நடுவத்தைச் சூழ்ந்த புடைப்புப் பகுதியிலுள்ள இந்தக் கிழங்களைத்தான். அதே அகமதாபாத் நிறுவனம் அபு மலையின் குருசிகரத்தில் 1.2 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கி வைத்திருக்கிறது. அதைக் கொண்டு, நிலா ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் நொடியில் ஒளி விழும் விதத்தை மில்லி விநாடிக் கணக்கில் பதிந்து, நட்சத்திரத்தின் அளவையும் தூசிப் போர்வையையும் அளக்கிறார்கள். இந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்தது.

குழந்தைகளுக்குச் சான்று 2009இல் கிடைத்தது. டியோகியுன் ஆன் குழுவினர், ஸ்பிட்சர் விண்கலத்தில் நிறமாலை எடுத்து, நடுவப் பகுதியின் செம்புள்ளிகளில் மூன்றை இளம் நட்சத்திரங்கள் என்று உறுதிசெய்தார்கள். அடையாளம், மெத்தனால் கலந்த கார்பன் டை ஆக்சைடு பனிக்கட்டி: 15.4 மைக்ரானில் அது விட்ட தடம். நிறத்தைவிட நிறமாலையே நம்பத்தக்க சாட்சி என்பேன்.

வழக்கு ஓயவில்லை. நடுவத்திலுள்ள கருந்துளைக்கு மிக அருகே, தூசி மேகம்போலத் தோன்றி நட்சத்திரம்போல நகரும் ஆறு பொருட்களை 2020இல் ஆண்ட்ரியா கெஸ்ஸின் குழு பட்டியலிட்டது. இரட்டை நட்சத்திரங்கள் ஒன்றாய்க் கலந்தவை என்பது அவர்கள் கருத்து.

பாலக்காட்டின் எலப்புள்ளி வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடி முன்னிரவில் நடுவம் உச்சிக்கு வரும்போது பாலக்காட்டில் மழை மூடியிருக்கும். பங்குனியில் விடிகாலை 5 மணிக்கு நேர் தெற்கே, பாதி வான உயரத்துக்குச் சற்று மேலே, விருச்சிக வாலுக்கு வடகிழக்கே பாருங்கள். தூசி நட்சத்திரங்கள் தெரியா; திசை தெரியும்.