கண்காட்சிக் கூடமும் தோட்டத்து நிரையும்



கோலசிலாங்கூர் வட்டாரத்திலும், வட சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களிலும் நம் முன்னோர் நூறாண்டுகளுக்கு மேலாக உழைத்து வந்திருக்கின்றனர். அவர்கள் கையில் ஏந்திய பால்வெட்டுக் கத்தி எங்கிருந்து வந்தது? ரப்பர்ப் பாலைத் தகடாக்கிய உருளை இயந்திரம் எப்படி வந்தது? ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை எவ்வாறு வந்து நின்றது? தோட்டத்தில் பெரியவர்களிடம் கேட்டால், “துரை கொண்டு வந்தார்” என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். அது சரிதான். ஆனால் துரைக்கு அந்தச் செய்தி எங்கே கிடைத்தது என்று நாம் ஒரு படி மேலே சென்று கேட்க வேண்டும். பல வேளைகளில் அதற்குரிய விடை ஒரு கண்காட்சி மண்டபத்திலோ மாநாட்டு மேடையிலோ இருக்கிறது. தோட்டத் தொழிலில் புதிய கருவிகளும் முறைகளும் பரவியதற்குக் கண்காட்சிகளும் கூட்டங்களும் எவ்வாறு வழியாயின என்பதையும், அந்தக் கூட்டங்களில் தொழிலாளிக்கு இடம் இருந்ததா என்பதையும் இன்று காண்போம்.

முதலில் இலங்கைக்குச் செல்வோம். 1876ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் கொண்டுவந்த ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்த நாற்றுகளில் ஏறத்தாழ 1,900 இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அடுத்த ஆண்டு, 1877இல், சிங்கப்பூருக்கு 22 நாற்றுகள் வந்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைச் சோதனைகளின் மூலம் வகுத்தார். ஒரே வெட்டை மீண்டும் திறந்து, பட்டையின் மெல்லிய சீவலை மட்டும் எடுப்பதே அந்த முறை. பிற்காலத்தில் ஆயிரமாயிரம் தமிழர் விடியற்காலையில் செய்த வேலை அதுதான்.

ஆயினும் ஒரு பூங்காவில் கண்டறிந்த முறை நூறு தோட்டங்களுக்குப் பரவ வேண்டுமானால், பலர் ஓரிடத்தில் கூடிப் பார்க்க வேண்டும். அத்தகைய வாய்ப்பு 1906ஆம் ஆண்டு செப்டம்பரில் கிடைத்தது. இலங்கையில் கண்டிக்கு அருகிலுள்ள பேராதனைத் தாவரவியல் பூங்காவில் ரப்பர்க் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. பால்வெட்டுக் கத்திகள், பாலைக் கழுவித் தகடாக்கும் இயந்திரங்கள், உலர்த்தும் முறைகள், பதப்படுத்திய ரப்பர் மாதிரிகள் ஆகியன அங்கே வைக்கப்பட்டன. மலாயாவிலிருந்தும் மாதிரிகள் சென்றன. சொற்பொழிவுகளும் விவாதங்களும் நிகழ்ந்தன. பின்னர் அவை நூலாகவும் வெளிவந்தன. பொருள்களைக் காட்டுவதும், அவற்றைப் பற்றி வல்லுநர் பேசுவதும், பேசியதை அச்சிட்டுப் பரப்புவதும் ஆகிய மூன்றும் ஒன்று சேர்ந்த நிகழ்ச்சி அது. இன்றைய தொழில் மாநாடுகளின் அமைப்பும் பெரும்பாலும் இதுவே.

பேராதனைக்குப் பின்னர் 1908இல் லண்டன் ஒலிம்பியா மண்டபத்தில் அனைத்துலக ரப்பர்க் கண்காட்சி நடந்தது. 1911இல் மீண்டும் லண்டனிலேயே மற்றொன்று நடந்தது. இடையில் 1910ஆம் ஆண்டில் ரப்பர் விலை ராத்தலுக்கு 12 ஷில்லிங்குக்கு மேல் ஏறியது. விளைச்சலைக் காட்டும் மேடையாக இருந்த கண்காட்சி, முதலீட்டாளரைக் கவரும் சந்தையாகவும் ஆயிற்று. சிலாங்கூரில் காடு அழிந்து தோட்டம் எழுந்த வேகத்திற்கும், தமிழகத்திலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்ததற்கும் அந்த விலையேற்றம் பெரிய காரணமாகும்.

இங்கே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஒரு கத்தி நல்லதா, கெட்டதா என்பது மேசைமேல் வைத்துப் பார்ப்பதால் விளங்குவதில்லை. பல மாதங்கள் பட்டை சீவிய பிறகே, மரத்தில் காயம் விழுகிறதா, பட்டை சீராக வளர்கிறதா என்பது தெரியும். அந்த உண்மையை முதலில் அறிகிறவர் பால்வெட்டும் தொழிலாளியே. தோட்ட நிர்வாகிகள் 1919இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து, தொழில் சஞ்சிகை ஒன்றையும் வெளியிட்டார்கள். கூடிப் பேசவும் எழுதவும் அவர்களுக்கு இடம் இருந்தது. கத்தியைப் பற்றிச் சொல்லத் தொழிலாளிக்கு நிறையச் செய்தி இருந்தும், சொல்ல மேடை இருக்கவில்லை.

இப்பொழுது கோலசிலாங்கூர் மாவட்டத்துக்கு வருவோம். முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்டு, 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊரின் அருகே தென்னமரம் தோட்டம் உள்ளது. அதன் பெயரைக் கேட்டவுடன் எந்தத் தமிழருக்கும் பொருள் விளங்கிவிடும். ஆனால் அந்தத் தோட்டம் உலகப் புகழ் பெற்றது தென்னையால் அன்று, செம்பனையால்!

செம்பனை ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மரம். 1848இல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நடப்பட்டன. அவற்றின் சந்ததிகள் சுமத்திராவின் டெலி வட்டாரத்துக்குச் சென்று, புகையிலைத் தோட்டங்களின் சாலையோரங்களில் அழகு மரங்களாக நின்றன. அந்த மரங்களுக்கு வணிகப் பயன் உண்டு என்று கண்டு சுமத்திராவில் செம்பனை பயிரிடத் தொடங்கியவர் பெல்ஜியரான ஏட்ரியன் ஹாலே. அவருடைய நண்பரான ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர், சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பஞ்சாங் என்ற இடத்தில் ரப்பர்த் தோட்டம் அமைத்திருந்தார். சுமத்திராவிலிருந்து வந்த செம்பனை விதைகள் 1911, 1912ஆம் ஆண்டுகளில் ரந்தாவ் பஞ்சாங்கில் நடப்பட்டன. அங்கேயும் முதலில் அவை அழகு மரங்களே. 1917இல், காப்பி சரிவர விளையாத நிலத்தில், தென்னமரம் தோட்டத்தில் செம்பனை பயிரிடப்பட்டது. மலாயாவின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் அதுவே. தம் மலாயா வாழ்க்கையை வைத்து ஃபோக்கோனியே எழுதிய ‘மலேசி’ என்ற நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது.

பூங்காவில் காட்சிக்கு நின்ற மரம் சாலையோரத்துக்கு வந்தது. சாலையோரத்தில் அழகுக்கு நின்ற மரம் தோட்டமாகப் பெருகியது. பூங்காவும் ஒருவகைக் கண்காட்சிதானே! ஒருவர் பார்த்து, மற்றொருவரிடம் பேசி, மூன்றாமவர் துணிந்து நட்டதால்தான் இது நடந்தது. புதிய தொழில்நுட்பம் பரவும் வழி பெரும்பாலும் இதுதான்.

அடுத்து, 1923ஆம் ஆண்டு. மலாயா விவசாயத் தோட்டக்கலைச் சங்கத்தின் கண்காட்சி அவ்வாண்டு கோலாலம்பூரில் முதன்முதலாக நடைபெற்றது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘மஹா’ என்று அதனை அழைப்பார்கள். லண்டனுக்கும் இலங்கைக்கும் செல்ல முடியாதவர்களும் இனிப் பார்க்க முடியும் என்ற நிலை அதனால் ஏற்பட்டது. மறு ஆண்டு 1924இல் லண்டன் வெம்பிளியில் பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சி திறக்கப்பட்டது. மலாயாவுக்கும் அங்கே தனி மண்டபம் இருந்தது. ஏப்ரல் 23ஆம் நாள் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அதைத் திறந்துவைத்துப் பேசியது வானொலியில் ஒலிபரப்பாயிற்று. மன்னரின் குரல் வானொலியில் கேட்டது அதுவே முதல் முறை. மண்டபத்துக்குள் இல்லாதவரும் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம் என்பதை அந்த நாள் உலகுக்குக் காட்டியது.

1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அதன் சோதனைத் தோட்டம் கோலசிலாங்கூருக்குப் போகும் வழியிலுள்ள சுங்கை பூலோவில் அமைந்தது. கிழக்கிந்தியத் தீவுகளில் டச்சுக்காரர் வளர்த்தெடுத்த ஒட்டுக்கட்டும் முறை இங்கும் பரவியது. நல்ல மரத்தின் மொட்டை மற்றொரு கன்றில் ஒட்டினால், தாய் மரத்தின் குணம் அப்படியே வரும். ஜாவாவின் ஒரு மர இனத்தையும், சிலாங்கூரின் பிராங் பெசார் தோட்டத்து இனம் ஒன்றையும் கலந்து உருவாக்கியதே புகழ்பெற்ற ‘ஆர்.ஆர்.ஐ.எம். 600’. இத்தகைய இனங்கள் பழைய விதைக் கன்று மரங்களைவிடப் பன்மடங்கு பால் தந்தன. ஆராய்ச்சியாளர் கண்டதைத் தோட்ட நிர்வாகிகள் மாநாடுகளில் கேட்டு, தங்கள் தோட்டங்களில் செயற்படுத்தினார்கள்.

நிர்வாகிகளுக்கு மாநாடு இருந்தது. தொழிலாளிகளுக்கு என்ன இருந்தது? கோவில் திருவிழா, கள்ளுக்கடை, சம்பள நாள் ஆகியவையே அவர்கள் கூடும் இடங்களும் நாள்களும். ஒரு தோட்டத்தார் மற்றத் தோட்டத்தாரைச் சந்திக்க வேண்டுமானால் மைல் கணக்கில் நடக்க வேண்டும். இந்நிலையை மாற்றிய எளிய கருவி ஒன்று உண்டு. அதுதான் சைக்கிள். 1941இல் கிள்ளான் மாவட்டத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அப்பொழுது வைக்கப்பட்ட கோரிக்கைகளில் சம்பள உயர்வும், கல்வி, மருத்துவ வசதிகளும் இருந்தன. அவற்றோடு, துரைமாருக்கும் தோட்ட அலுவலருக்கும் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையும் கேட்கப்பட்டது. இன்று கேட்கும்போது இது சிறிய கோரிக்கையாகத் தோன்றலாம். ஒரு கருவியை வாங்க ஒருவருக்குக் காசு இருக்கலாம். அதைத் தலை நிமிர்ந்து பயன்படுத்தும் உரிமை இல்லையென்றால் அவர் அதை முழுமையாகப் பெற்றவர் ஆகமாட்டார். இதை உணர்ந்தே அன்றைய தொழிலாளர் அந்தக் கோரிக்கையை எழுதிக் கொடுத்தனர். அந்தப் போராட்டம் 1941 மே மாதத்தில் படை பலத்தால் ஒடுக்கப்பட்டது. உயிர்களும் பலியாயின. முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப் பின் 1946 ஏப்ரல் முதல் நாள் மலாயா வானொலி தொடங்கியது. 1948இல் அவசரகாலம் பிறந்தபின் அரசாங்கத்தின் செய்தித் துறை வண்டிகள் ஒலிபெருக்கியையும் திரைப்படக் கருவியையும் ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்கு வந்தன. பொது வானொலிப் பெட்டிகள் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் வைக்கப்பட்டன. அரசாங்கத்தின் நோக்கம் பிரசாரமே. என்றாலும், திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டியபோது, வெளியுலகம் முதன்முறையாகத் தொழிலாளியைத் தேடி லயத்துக்கே வந்தது. 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று, பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராக விளங்கினார். மாநாடு கூட்டுவதும், பேராளர் தீர்மானம் கொண்டுவருவதும், ஒலிபெருக்கி முன் நின்று பேசுவதும் இப்பொழுது தொழிலாளிக்கும் பழக்கமாயின.

கூட்ட அறையில் எடுக்கும் முடிவு தோட்டத்தில் என்ன செய்யும் என்பதற்கு இரண்டு சான்றுகள் கூறுகிறேன்.

முதலாவது 1965இல் வந்த தரநிர்ணய ரப்பர்த் திட்டம். பழைய கண்காட்சிகளில் ரப்பரைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்தார்கள்: நிறம் எப்படி, குமிழி உண்டா, புகை சரியாக ஏறியிருக்கிறதா என்று. செயற்கை ரப்பரின் போட்டி வந்தபோது இது போதவில்லை. ஆய்வுக்கூடத்தில் அழுக்கின் அளவு முதலியவற்றைச் சோதித்துத் தரம் குறிக்கும் முறையை மலேசியா அறிமுகப்படுத்தியது. ரப்பர் தகடாக அன்றிக் கட்டியாக விற்பனைக்குச் சென்றது. தகடு உருட்டும் கொட்டகைக்கும், புகைக்கூண்டுக்கும், அங்கே கண்ணால் தரம் பிரித்தவரின் திறமைக்கும் பல இடங்களில் தேவை குறைந்தது.

இரண்டாவது செம்பனைப் பூவின் கதை. முன்பு செம்பனைத் தோட்டங்களில் தொழிலாளர், பெரும்பாலும் பெண்கள், ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவின்மீது கையால் தூவி வந்தார்கள். காற்றே மகரந்தத்தைக் கொண்டு செல்கிறது என்பது அந்நாளைய நம்பிக்கை. ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் வேலை பார்த்த தோட்ட நிர்வாகி லெஸ்லி டேவிட்சன், அங்கே கை உதவியின்றியே குலைகள் நன்றாகக் காய்ப்பதையும், பூக்களில் சிறு வண்டுகள் மொய்ப்பதையும் கவனித்திருந்தார். பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரகுமான் சையது கேமரூனில் ஆராய்ந்து, மகரந்தத்தைக் கொண்டு செல்வது அந்த வண்டே என்று நிறுவினார். தக்க சோதனைகளுக்குப் பின் 1981 பிப்ரவரியில் ஜொகூர் குளுவாங் அருகே அந்த வண்டுகள் விடப்பட்டன. சில காலத்திலேயே அவை நாடெங்கும் பரவின. விளைச்சல் கூடியது, செலவு குறைந்தது. நாட்டுக்குப் பெரும் இலாபம். அதே வேளையில் கையால் மகரந்தம் தூவும் வேலை அடியோடு மறைந்தது. அந்தக் கூலியை நம்பியிருந்த வீடுகளில் ஒரு வருமானம் நின்றது. நன்மையையும் இழப்பையும் சேர்த்தே எழுதினால்தான் வரலாறு முழுமை பெறும்.

இன்று மஹா கண்காட்சி செர்டாங்கில் நடைபெறுகிறது. செம்பனை ஆராய்ச்சிக்கும் அனைத்துலக மாநாடுகள் கூடுகின்றன. 2020இல் கொரோனா நோய் பரவியபோது பல மாநாடுகளும் கண்காட்சிகளும் கணினித் திரைக்கே மாறின. வீட்டிலிருந்தபடியே பங்குகொள்ளலாம் என்றாயிற்று. வெம்பிளியில் 1924இல் தொடங்கிய மாற்றம் இந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது. எனினும் கூடத்தின் கதவு அகலத் திறந்திருப்பது மட்டும் போதாது. உள்ளே சென்று என்ன கேட்கிறோம் என்பதே முக்கியம்.

ஆகவே, நேயர்களே, பெற்றோர்களும் ஆசிரியர்களும் நம் பிள்ளைகளை இத்தகைய கண்காட்சிகளுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். புதிய இயந்திரம் ஒன்றைப் பார்த்தால் வியந்து நின்றுவிடாமல், இது எப்படி வேலை செய்கிறது, இதை இயக்கக் கற்றுக்கொள்ள எங்கே போக வேண்டும், இது வந்தால் எந்த வேலை மறையும், எந்த வேலை பிறக்கும் என்று அவர்கள் கேட்கப் பழக வேண்டும். நம் பாட்டனாரும் பாட்டியாரும் பேராதனைக்கும் லண்டனுக்கும் போகவில்லை. அங்கே மேசைமேல் வைக்கப்பட்டவற்றை நிரையில் நின்று சோதித்துக் காட்டியவர்கள் அவர்களே. அவர்கள் கேட்க இயலாமற் போன கேள்விகளை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கேட்கட்டும்.