கை காட்டும் காவலர், நிற்காத வாகனம்: எல்லைச் சாலைகளில் சோதனைப் பணியின் ஆபத்துகள்

குடிபாலா (சித்தூர்): ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தின் தென் எல்லையில், தமிழகத்தின் வேலூர் மாவட்டத்தை ஒட்டி அமைந்துள்ளது குடிபாலா மண்டலம். சித்தூரிலிருந்து காட்பாடி வழியாக வேலூர் செல்லும் சாலையும், நரஹரிபேட்டை வழியாக ராணிப்பேட்டை செல்லும் தேசிய நெடுஞ்சாலையும் இம்மண்டலத்தின் ஊடாகவே தமிழகத்தை அடைகின்றன. ஆந்திரப் பகுதியில் நரஹரிபேட்டையிலும், தமிழகப் பகுதியில் கிறிஸ்டியான்பேட்டையிலும் சோதனைச்சாவடிகள் உள்ளன.

இச்சாலைகளில் எதற்காக வாகனங்கள் நிறுத்தப்படுகின்றன என்பது காலத்துக்கேற்ப மாறி வந்துள்ளது. செம்மரக் கடத்தலுக்கான சோதனை ஆண்டு முழுவதும் நடைபெறுகிறது. தேர்தல் காலத்தில் பறக்கும் படையும் நிலைக் கண்காணிப்புக் குழுவும் ரொக்கப் பணத்தைத் தேடுகின்றன. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கின்போது, வேலூர் மாவட்ட நிர்வாகம் குடியாத்தம் அருகே சைனகுண்டாவிலும் பொன்னை அருகிலும் சாலையின் குறுக்கே கற்களால் சுவரே எழுப்பியது. கடும் விமர்சனத்துக்குப் பின் அச்சுவர்கள் உடனடியாக இடிக்கப்பட்டன. 2025 ஜூனில், வெளிமாநிலங்களிலிருந்து வரும் தோத்தாபுரி மாங்காய்க்குச் சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை விதித்தபோது, எல்லைச் சாவடிகளில் மாங்காய் லாரிகள் தடுக்கப்பட்டன. மனிதர்கள், மரம், பணம், மாங்காய் என்று தேடப்படும் பொருள் மாறினாலும், ஓடிவரும் வாகனத்தின் முன் ஒருவர் சாலையில் இறங்கிக் கை காட்ட வேண்டும் என்ற நடைமுறை மட்டும் மாறவில்லை. காவலர்கள் உயிரிழப்பது பெரும்பாலும் அந்தச் சில நொடிகளில்தான்.

செம்மரப் பாதை

உலகில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளரும் மரம் செம்மரம். திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காடுகள் அதன் முக்கிய வாழிடம். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் 1995 முதல் இம்மரம் இடம்பெற்றுள்ளது. ஆயினும் வெளிநாட்டுச் சந்தையில் கிடைக்கும் விலை கடத்தலை நிற்கவிடவில்லை. வெட்டப்படும் கட்டைகள் துறைமுகத்தை அடைவதற்குச் சித்தூர், வேலூர், ராணிப்பேட்டை வழியாகச் சென்னை செல்லும் சாலைகளும் பயன்படுத்தப்படுகின்றன. கட்டை ஏற்றிய வாகனத்துக்கு முன்னால் 'பைலட்' என்று சொல்லப்படும் வேறொரு கார் அல்லது இருசக்கர வாகனம் சென்று, எங்கே சோதனை நடக்கிறது என்பதைக் கைப்பேசியில் தெரிவிப்பது கடத்தல்காரர்களின் வழக்கம். ஆகவே, சோதனைக் குழுவினர் தம் இடத்தைக் கடைசி நேரம் வரை மறைக்க வேண்டியுள்ளது. வெளிச்சமற்ற திருப்பங்களிலும் கிளைச்சாலைச் சந்திப்புகளிலும் அவர்கள் திடீரென்று சாலைக்கு வருவதற்கு இதுவே காரணம். கடத்தலைப் பிடிக்க உதவும் அதே இருட்டு காவலரின் உயிருக்கும் பகையாகிறது.

2024 பிப்ரவரி 6ஆம் தேதி அதிகாலையில் நடந்தது இதற்குச் சான்று. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, பின்னர் அன்னமய்யா மாவட்டத்தில் சேர்க்கப்பட்ட கே.வி.பள்ளி மண்டலத்தில், குண்ட்ராவாரிபள்ளி சந்திப்பில் செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படையினர் வாகனத் தணிக்கையில் ஈடுபட்டிருந்தனர். நிறுத்துமாறு சைகை காட்டிய காவலர் கணேஷ் மீது கடத்தல்காரர்களின் கார் மோதிவிட்டுச் சென்றது. பலத்த காயமடைந்த அவர் உயிரிழந்தார்.

இதே கடத்தலின் மறுபக்கமும் இரத்தம் தோய்ந்ததுதான். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 மரம்வெட்டும் தொழிலாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. அது போலி மோதல் என்று மனித உரிமை அமைப்புகள் குற்றம்சாட்டின. கைது செய்யப்படுவோம் என்பதோடு, சுடப்படுவோம் என்ற அச்சமும் கடத்தல் வாகனத்தில் கூலிக்கு அமர்ந்திருப்பவனிடம் உண்டு. அவன் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை மிதிப்பதை அந்த அச்சத்தையும் சேர்த்தே புரிந்துகொள்ள முடியும்.

வாகனமே ஆயுதம்

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் 22 மீட்டரைக் கடக்கிறது. 100 மீட்டர் தொலைவில் காவலரின் கைவிளக்கு ஓட்டுநருக்குத் தெரிந்தால், இருவருக்கும் கிடைப்பது 5 நொடிகளுக்கும் குறைவான நேரமே. ஓட்டுநர் நிலைமையை உணர்ந்து பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளாகவே 30 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். பாரம் ஏற்றிய லாரி நிற்பதற்கு இன்னும் கூடுதலான தூரம் தேவை. எதிர்வரும் முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் காவலரின் கண் கூசுவதால், வாகனம் வேகத்தைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்பது அவருக்குச் சரியாகத் தெரிவதுமில்லை. நிற்கமாட்டான் என்று புரியும்போது விலகிக்கொள்ள ஒரு நொடிதான் மிஞ்சுகிறது.

2022 ஜூலையில் இரண்டே நாள்களில் நாட்டின் மூன்று மாநிலங்களில் இந்த ஒரு நொடி தவறியது. ஜூலை 19ஆம் தேதி ஹரியானாவின் நூ மாவட்டத்தில், சட்டவிரோதக் கல் குவாரியைத் தடுக்கச் சென்ற துணைக் காவல் கண்காணிப்பாளர் சுரேந்தர் சிங் பிஷ்னோய் டிப்பர் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். ஓய்வுபெற அவருக்குச் சில மாதங்களே இருந்தன. மறுநாள் அதிகாலையில் ஜார்க்கண்ட் தலைநகர் ராஞ்சியின் துபுதானா பகுதியில், வாகனத் தணிக்கையில் இருந்த பெண் உதவி ஆய்வாளர் சந்தியா டோப்னோ மீது சரக்கு வேன் ஏற்றப்பட்டது. அதே நாளில் குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்தில் ஒரு காவலர் லாரி மோதி இறந்தார். இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு, 2012 மார்ச் 8ஆம் தேதி, மத்தியப் பிரதேசத்தின் மொரேனாவில் இளம் ஐ.பி.எஸ். அதிகாரி நரேந்திர குமார், கல் கடத்திய டிராக்டரை மறிக்க முயன்று உயிரிழந்திருந்தார்.

தமிழகத்தில் 2021 நவம்பர் 22ஆம் தேதி கரூரில் வாகனத் தணிக்கையில் இருந்த மோட்டார் வாகன ஆய்வாளர் கனகராஜ் வேன் மோதி இறந்தார். அவர் காவல்துறையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால், சாலையில் நின்று கை காட்டும் எவருக்கும் ஆபத்து ஒன்றுதான் என்பதை அவரது மரணம் காட்டியது.

சாவடியில் காத்திருக்கும் ஆபத்து

திடீர்ச் சோதனையில் வாகனம் எமனாகிறது என்றால், நிரந்தரச் சாவடியில் நிலைமை வேறு. அதன் இடம் ஊரறிந்தது. பணி மாறும் நேரமும், எத்தனை பேர் இருப்பார்கள் என்பதும் நோட்டமிடுபவனுக்கு எளிதில் தெரியும். தமிழக-கேரள எல்லையில் களியக்காவிளை அருகே உள்ள சோதனைச்சாவடியில் 2020 ஜனவரி 8ஆம் தேதி இரவு பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் எந்த வாகனத்தையும் மறித்ததால் கொல்லப்படவில்லை. கொலையாளிகள் தாக்கும் திட்டத்துடனேயே சாவடிக்கு வந்திருந்தனர். குற்றம்சாட்டப்பட்ட இருவர் சில நாள்களில் கர்நாடகத்தின் உடுப்பியில் பிடிபட்டனர். பின்னர் வழக்கு தேசிய புலனாய்வு முகமையிடம் சென்றது.

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டம் வவுணதீவில் 2018 நவம்பர் 30ஆம் தேதி நடந்த சம்பவமும் இதே வகையானது. சோதனைச்சாவடியில் இருந்த இரண்டு காவலர்கள் கொல்லப்பட்டு, அவர்களின் துப்பாக்கிகள் எடுத்துச்செல்லப்பட்டன. முன்னாள் விடுதலைப் புலி உறுப்பினர் ஒருவர் சந்தேகத்தின் பேரில் கைது செய்யப்பட்டார். 2019 ஏப்ரல் ஈஸ்டர் தாக்குதல்களுக்குப் பிறகே, அத்தாக்குதலை நடத்திய குழுவினரே காவலர்களையும் கொன்றனர் என்பது விசாரணையில் வெளிவந்தது, கைதானவர் விடுவிக்கப்பட்டார். சாவடிக் கொலை ஒன்றின் உண்மையான பின்னணி கண்டறியப்பட்டிருந்தால் பின்னர் நிகழ்ந்தது தடுக்கப்பட்டிருக்குமா என்ற கேள்வி இலங்கையில் இன்றும் எழுப்பப்படுகிறது.

ஊரடங்குக் காலச் சோதனையில் ஆபத்து கூட்டத்திலிருந்தும் வந்தது. 2020 ஏப்ரல் 12ஆம் தேதி பஞ்சாபின் பட்டியாலாவில் காய்கறிச் சந்தை அருகே அனுமதிச்சீட்டு கேட்டபோது, தடுப்புகளை இடித்துத் தள்ளி வந்த கும்பல் வாளால் வெட்டியதில் உதவி சார்பு ஆய்வாளர் ஹர்ஜீத் சிங்கின் கை துண்டானது. சண்டிகர் மருத்துவர்கள் பல மணி நேர அறுவை சிகிச்சையில் அதை மீண்டும் இணைத்தனர்.

துரத்துவதா, விடுவதா?

தடுப்பைக் கடந்து ஓடும் வாகனத்தைத் துரத்துவது, நிறுத்த முயல்வதைவிட ஆபத்தானதாக முடியலாம். 2021 நவம்பர் 21ஆம் தேதி அதிகாலை, திருச்சி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், ஆடு திருடிச் சென்றவர்களை இருசக்கர வாகனத்தில் தனியாகப் பல கிலோமீட்டர் துரத்திச் சென்றார். புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குள் அவர்களைப் பிடித்தும் விட்டார். உதவி வருவதற்குள் வெட்டிக்கொல்லப்பட்டார். இரவு ரோந்து செல்லும் காவலர்கள் துப்பாக்கி வைத்திருக்க வேண்டும், தற்காப்புக்காக அதைப் பயன்படுத்தத் தயங்கக் கூடாது என்று அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு அதன்பின் அறிவுறுத்தினார். எனினும் துப்பாக்கியைக் காட்டிலும், உடன் ஒருவர் இருந்திருந்தால் என்ற எண்ணமே இந்நிகழ்வில் மேலோங்குகிறது.

துரத்தல் பொதுமக்களின் உயிரையும் பறித்துள்ளது. 2018 மார்ச் 7ஆம் தேதி திருச்சி துவாக்குடி அருகே, தலைக்கவசச் சோதனையில் நிற்காமல் சென்ற தம்பதியின் இருசக்கர வாகனத்தைத் துரத்திய ஆய்வாளர் எட்டி உதைத்ததில், பின்னால் அமர்ந்திருந்த பெண் விழுந்து இறந்தார். பல ஆயிரம் பேர் சாலை மறியலில் இறங்கினர். ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். தலைக்கவசம் அணியாதவருக்கும் செம்மரம் கடத்துபவருக்கும் ஒரே மாதிரியான துரத்தல் தேவையில்லை. வாகன எண்ணைக் குறித்து அடுத்த சாவடிக்குத் தெரிவிப்பது பல நேரங்களில் போதுமானது.

வெளிநாடுகளில் டயரைப் பஞ்சராக்கும் ஆணிப்பட்டைகள் இதற்காகப் பயன்படுகின்றன. அவையும் முழுப் பாதுகாப்பு தருவதில்லை. 2015 அக்டோபர் 5ஆம் தேதி இங்கிலாந்தின் வாலசியில், திருடப்பட்ட வாகனத்தை நிறுத்த ஆணிப்பட்டை விரித்த காவலர் டேவ் பிலிப்ஸ் அதே வாகனம் மோதி இறந்தார். ஓட்டுநர் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டு, கொலையாகாத மரண விளைவிப்புக்காக 20 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார்.

விபத்தா, கொலையா?

இந்தியச் சட்டத்திலும் இதே கேள்விதான் வழக்கைத் தீர்மானிக்கிறது. அதிகாரமுள்ளவரின் உத்தரவை மீறிச் செல்வதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 179ஆவது பிரிவு விதிக்கும் அபராதம் 2019 திருத்தத்துக்குப் பிறகும் 2,000 ரூபாய்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 132ஆவது பிரிவின்படி, அரசு ஊழியரைப் பணிசெய்ய விடாமல் தாக்குவோருக்கு 2 ஆண்டுகள் வரையும், 121ஆவது பிரிவின்படி கொடுங்காயம் ஏற்படுத்துவோருக்கு 10 ஆண்டுகள் வரையும் சிறை உண்டு. உயிர் போனால், 103ஆவது பிரிவின் கீழ் கொலையாகவோ, 106ஆவது பிரிவின் கீழ் கவனக்குறைவால் நேர்ந்த மரணமாகவோ வழக்கு அமையலாம். முந்தையதற்கு ஆயுள் அல்லது மரண தண்டனை. பிந்தையதற்கு அதிகபட்சம் 5 ஆண்டுகள்.

'இருட்டில் காவலர் நிற்பது தெரியவில்லை' என்பதே ஓட்டுநர் தரப்பின் முதல் வாதமாக இருக்கும். ஒளிரும் மேலுடை, சுழல்விளக்கு, நூறு மீட்டருக்கு முன்பே வைக்கப்பட்ட எச்சரிக்கைப் பலகை, கண்காணிப்புக் கேமரா ஆகியவை இருந்தால் அவ்வாதம் நிற்காது. காவலரின் உயிரைக் காக்கும் பொருள்களே அவருக்கு நீதி கிடைக்கவும் சாட்சியாகின்றன.

சாலைப் பணி நடக்கும் இடத்தில் எவ்வளவு தூரத்துக்கு முன்பே எச்சரிக்க வேண்டும், வாகனங்களை எவ்வாறு படிப்படியாக ஒருபுறமாக ஒதுக்க வேண்டும் என்பதற்கு இந்திய சாலைக் காங்கிரஸின் விரிவான விதிமுறை உள்ளது. பள்ளம் தோண்டும் தொழிலாளிக்கு உள்ள இந்த ஏற்பாடு, இரவுச் சோதனையில் நிற்கும் காவலருக்குப் பல இடங்களில் இல்லை. நன்கொடை அளித்த நகைக்கடையின் பெயர் பெரிதாகவும், ஒளிபிரதிபலிப்புப் பட்டை சிறிதாகவும் உள்ள இரும்புத் தடுப்புகளே பெரும்பாலும் அவருக்குத் துணை. அவை வாகனத்தை வேகம் குறைக்க வைக்குமே தவிர, நிற்க விரும்பாதவனைத் தடுக்காது. தடுப்புகளை இடமும் வலமுமாக மாற்றி வைத்து, வேகம் குறைந்த பிறகே காவலர் வாகனத்தை அணுகுவதும், எப்போதும் பின்வாங்க இடமுள்ள ஓரத்தில் நிற்பதும் செலவில்லாத பாதுகாப்பு முறைகள்.

குடிபாலா சாலையில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சித்தூர் வளாகம் இம்மண்டலத்தில்தான் உள்ளது. வேலூர் மருத்துவமனைக்கு ஆந்திராவிலிருந்து செல்லும் நோயாளிகளும் இவ்வழியே பயணிக்கின்றனர். நள்ளிரவில் வேகமாக வரும் காரில் இருப்பது கடத்தல் கட்டையா, மாரடைப்பு வந்தவரா என்பதைக் காவலர் சில நொடிகளில் ஊகிக்க வேண்டியுள்ளது.

மோதலுக்கு அப்பால், மெதுவாக உடலைத் தின்னும் கேடுகளும் உள்ளன. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. எல்லைச் சாவடியில் 8 முதல் 12 மணி நேரம் லாரிகளுக்கிடையே நிற்பவர் அப்புகையைத்தான் சுவாசிக்கிறார். கோடை வெயில், கழிப்பறை இன்மை, தூக்கமின்மை ஆகியவற்றால் பெண் காவலர்கள் கூடுதலாகத் துன்புறுகின்றனர்.

பணியின்போது இறந்த வில்சன், பூமிநாதன் ஆகியோரின் குடும்பங்களுக்குத் தமிழக அரசு தலா 1 கோடி ரூபாய் அறிவித்தது. ஆனால், சாவடிகளில் காவலர்களுடன் சேர்ந்து அதே கைவிளக்கைப் பிடித்து நிற்கும் ஊர்க்காவல் படையினர் நாள்கணக்கில் படி பெறுபவர்கள். காவலருக்குரிய நிரந்தர ஊதியமோ ஓய்வூதியமோ அவர்களுக்கு இல்லை. நாடு விடுதலை பெற்ற பின் பணியில் உயிர்நீத்த 36 ஆயிரத்துக்கும் மேற்பட்ட காவல் பணியாளர்கள், 1959இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் இறந்த வீரர்களின் நினைவாக ஆண்டுதோறும் அக்டோபர் 21ஆம் தேதி கடைப்பிடிக்கப்படும் காவலர் வீரவணக்க நாளில் நினைவுகூரப்படுகின்றனர்.