குதிரை முட்டை லண்டன் போன கதை

பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று நம்பிய பரமார்த்த குருவின் சீடர்களை நமக்கெல்லாம் தெரியும். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற அந்த ஐவரும் கடல் தாண்டி, லண்டனில் மரக்கட்டை மீது ஏறிய சங்கதிதான் அதிகம் பேசப்படாதது.

புறப்பட்ட இடம் கொள்ளிடக்கரை. இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சி. 18-ஆம் நூற்றாண்டில் அவ்வூரை இருப்பிடமாக்கிக்கொண்ட இத்தாலியப் பாதிரியார் பெஸ்கி, அதாவது வீரமாமுனிவர், தேம்பாவணி பாடிய கையாலேயே இந்தக் கோமாளிகளையும் எழுதினார். பேச்சுத்தமிழ் பழக வரும் அயல்நாட்டாருக்குப் பாடமாகட்டும் என்று லத்தீன் மொழிபெயர்ப்பையும் சேர்த்தார்.

அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, அவருடைய சுவடிகளைத் தேடிச் சேகரிக்க முத்துச்சாமிப் பிள்ளையை அனுப்பினார் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் துரை. கம்பெனி உத்தியோகத்துக்குச் சென்னை வந்திருந்த பெஞ்சமின் பாபிங்டன், 1822-இல் இக்கதையைத் தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, சொற்பட்டியல் சகிதம் லண்டனில் அச்சிட்டார். பின்னாளில் மருத்துவரான இவரே, தொண்டைக்குள் பார்க்கும் கருவியொன்றை 1829-இல் செய்து காட்டியவர்! 1826-இல் பாரிஸில் பிரெஞ்சுப் பதிப்பு வெளியிட்ட அபே துபுவாவோ, இவை பெஸ்கியின் கற்பனையல்ல, இந்நாட்டுக் கதைகளே என்று வாதாடினார்.

இனி மரக்கட்டைக்கு வருவோம். அதே காலத்தில் ஜப்பானில் எழுத்தாளர் பாக்கினின் 'ஹக்கென்தென்' நாவல், 1814 தொடங்கி 1842 வரை, படங்களோடு 106 புத்தகங்களாக வந்துகொண்டிருந்தது. ஓவியர் மெல்லிய தாளில் வரைவார். செதுக்குபவர் அதைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டிக் கோடுகளை விட்டு மற்றதைக் குடைந்தெடுப்பார். எழுத்தும் படமும் ஒரே பலகையில் அமையும். மூல ஓவியம் மட்டும் உளிக்கு இரையாகிவிடும்.

லண்டன் அச்சகங்களுக்கும் மரம்தான் தோதாக இருந்தது. செப்புத்தகட்டுப் படத்துக்குத் தனி அச்சுப்பொறி வேண்டும். மரக்கட்டையையோ ஈய எழுத்துகளோடு சேர்த்துப் பூட்டி ஒரே அழுத்தில் அடித்துவிடலாம். 1861-இல் ட்ரூப்னர் நிறுவனம் வெளியிட்ட பதிப்புக்கு, ஆல்ஃபிரட் குரோக்வில் என்ற புனைபெயர் கொண்ட கேலிச்சித்திரக்காரர் மரத்தின் மேலேயே ஐம்பது படங்கள் வரைந்தார். குரு 'கூரூ சிம்பிள்' ஆனார். சீடர்கள் நூடில், டூடில், வைசேக்கர், ஸேனி, ஃபூசில் ஆனார்கள். பாபிங்டனின் சொற்பட்டியலுக்கு இங்கே வேலையில்லை. தமிழ் கற்பிக்கப் பிறந்த கதை, தமிழில் ஒரு சொல்லும் அறியாதவர்களைச் சிரிக்கவைக்கும் கதையாகிவிட்டது. ஏலாக்குறிச்சிப் பாதிரியார் போட்ட கணக்கில் இந்த மாணவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.