புகைக்கு ஒரு வழி: நகரும் வீடுகளில் அடுப்பின் வரலாறு

ரோமானி மொழியில் நெருப்புக்கு 'யாக்' என்று பெயர். இந்தியின் 'ஆக்' போலவே இதுவும் 'அக்னி' என்பதன் வழிவந்த சொல். புகையைக் குறிக்கும் 'தூவ்' என்பது சமஸ்கிருத 'தூம' என்பதன் திரிபு. ரோமானியின் இந்திய மூலத்தை ஜெர்மானிய அறிஞர் யோஹான் ருடிகர் 1782இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. ஆனால் அம்மக்களின் குடியிருப்பு வண்டிக்குப் பிரிட்டனில் வழங்கும் 'வார்டோ' என்ற பெயர் இந்திய மூலம் உடையதன்று; ஈரானியக் குடும்பத்தைச் சேர்ந்த ஒசெட்டிய மொழியோடு அது தொடர்புபடுத்தப்படுகிறது. நெருப்பும் புகையும் தாயகத்திலிருந்து உடன்சென்ற சொற்கள். வண்டி வழியில் கிடைத்த சொல். இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்வதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை பிரிட்டனின் ரோமானியர் பெரும்பாலும் வளைத்த கம்புகளின்மேல் துணி போர்த்திய கூடாரங்களிலேயே தங்கினர். வண்டியையே வீடாக்கும் வழக்கத்தைச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் காட்சி நடத்திப் பிழைத்தவர்கள் முன்னரே தொடங்கியிருந்தனர். சார்லஸ் டிக்கன்ஸ் 1840–41இல் எழுதிய 'தி ஓல்டு கியூரியாசிட்டி ஷாப்' நாவலில் மெழுகுப் பொம்மைக் காட்சி நடத்தும் ஜார்லி அம்மையாரின் வண்டி வருகிறது. அதன் ஒரு பாதி சமையலறை. அங்குள்ள அடுப்பின் சிறு புகைபோக்கி கூரையைத் துளைத்து வெளியேறுவதை டிக்கன்ஸ் கவனத்துடன் பதிவுசெய்கிறார். நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு ரோமானியரும் இத்தகைய வண்டிகளுக்கு மாறினர்.

சுமார் 10 அடி நீள மரப்பெட்டிக்குள் வார்ப்பிரும்பு அடுப்பை எங்கே வைப்பது என்பது அழகுணர்ச்சியைச் சார்ந்த கேள்வியன்று. பெரும்பாலான வார்டோக்களில் முன்புறக் கதவின் வழியே நுழைபவருக்கு அடுப்பு இடக்கைப் பக்கம் இருக்கும். வண்டி செல்லும் திசையில் பார்த்தால் அது வலப்பக்கம். பிரிட்டனில் வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன. எனவே ஓரத்து மரக்கிளைகள் உரசுவது இடப்பக்கக் கூரையை. வலப்பக்கக் குழாய் அடிபடாமல் தப்பும். சாலை விதி ஒன்று வீட்டின் உள்ளமைப்பைத் தீர்மானித்தது. சில வகை வண்டிகளில் கூரையின் நடுப்பகுதியை உயர்த்தி, அதன் பக்கங்களில் திறந்து மூடும் சிறு சாளரங்களையும் அமைத்தனர். அவை வெளிச்சத்துக்கு மட்டுமல்ல, காற்றோட்டத்துக்கும் உரியவை.

இந்த அமைப்பின் பின்னுள்ள விதி எளியது. குழாய்க்குள் சூடேறிய வாயு வெளிக்காற்றைவிட இலேசானது. அது மேலெழும்போது அடுப்பின் வாய்வழியே புதிய காற்றை இழுக்கிறது. குழாய் குட்டையாக இருந்தாலும், குளிர்ந்திருந்தாலும், அதன் முனை கூரையைவிடத் தாழ்ந்திருந்தாலும் இழுப்பு குறையும். காற்று திசைமாறி வீசினால் புகை உள்ளே திரும்பும். வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வருவதற்கும் ஒரு துளை வேண்டும். குழாய் மரத்தையோ துணியையோ கடக்கும் இடத்தில் இடைவெளியும் உலோகத் தகடும் இல்லையெனில் வீடே பற்றும். அசையாத வீட்டில் ஒருமுறை கட்டிமுடித்தால் போதுமான இவை, நகரும் வீட்டில் ஒவ்வொரு தங்குமிடத்திலும் புதிதாகச் சரிபார்க்கப்பட வேண்டியவை. வண்டி குலுங்கினால் குழாயின் இணைப்பு தளரும். கூடாரத்தின் முகம் மாறினால் காற்றின் போக்கும் மாறும்.

குழாய் வருவதற்கு முன்னர் இச்சிக்கலைத் தீர்த்தது கூரைத் துளை. மங்கோலிய 'கெர்' கூடாரத்தின் உச்சியிலுள்ள மரவளையம் 'தோனோ'. நடு அடுப்பின் புகை அதன் வழியே வெளியேறும். அதன்மேலுள்ள கம்பளித் துணியைக் கயிற்றால் இழுத்துத் திறப்பை வேண்டியவாறு கூட்டலாம், குறைக்கலாம். இவ்வளையத்தைக் கசாக்கியர் 'ஷங்ஙிராக்' என்பர். அச்சொல்லுக்குக் குடும்பம், இல்லம் என்ற பொருள்களும் உண்டு. 'துந்துக்' என்ற பெயரில் கிர்கிஸ் நாட்டுக் கொடியின் நடுவே 1992 முதல் இடம்பெற்றிருப்பதும் இதுவே. சுவரையோ வாசலையோ விடுத்து, புகை போகும் வழியையே வீட்டின் அடையாளமாக இம்மக்கள் கொண்டனர்.

வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடியினரின் 'டிப்பி' கூடாரத்தில் இத்துளைக்கு இரண்டு மடிப்புகள் இருந்தன. அவற்றை வெளியிலிருந்து இரு கழிகளால் நகர்த்திக் காற்றின் திசைக்கேற்பத் திருப்பினர். இக்கூம்பு வடிவத்தைத் தழுவி அமெரிக்க இராணுவ அதிகாரி ஹென்றி ஹாப்கின்ஸ் சிப்லி 1856இல் ஒரு கூடாரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரால் வழங்கும் அடுப்பு, அடிப்பாகம் இல்லாத இரும்புத்தகட்டுக் கூம்பு. மண்ணின்மேல் கவிழ்த்து வைத்து, உச்சியில் குழாயைப் பொருத்தினால் போதும். உள்நாட்டுப் போரில் சிப்லி தெற்குப் படையில் சேர்ந்தார். அவருடைய கூடாரங்களோ வடக்குப் படைக்காகவே பல்லாயிரக்கணக்கில் தைக்கப்பட்டன.

குழாய் வந்ததும் கண்ணெரிச்சலும் கரிபடிதலும் வெகுவாகக் குறைந்தன. அது பெரும் நன்மை. ஆனால் அதே மாற்றம் ஒரு பழைய எச்சரிக்கையையும் அகற்றியது. திறந்த அடுப்பில் புகை மிகுந்தால் இருமல் வரும். இருமல் வந்தால் மூடியைத் திறப்பார்கள். முழுமையாக எரியாத எரிபொருளிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமில்லை, மணமில்லை. இவ்வாயு இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பறித்துக்கொள்கிறது என்பதைப் பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார் 1850களில் விளக்கினார். ஹீமோகுளோபினோடு பிணையும் ஆற்றலில் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேற்பட்டது. சுடர் அணைந்து தணல் மட்டும் கனலும் பின்னிரவில், வெப்பம் வீணாகக் கூடாதென்று காற்றுவழியை அடைக்கும்போதுதான் அபாயம் உச்சமடைகிறது. நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. புகையில்லாமலும் நெருப்பு கொல்லும் என்பது அப்பழமொழிக்கு எட்டாத உண்மை.

இதன் அண்மைக்காலச் சான்று உலான்பாத்தர். அந்நகரின் விளிம்புகளில் நிலைகொண்டுவிட்ட கெர் குடியிருப்புகளின் நிலக்கரிப் புகையைக் கட்டுப்படுத்த, 2019 மே மாதம் பதப்படுத்தாத நிலக்கரிக்குத் தடை வந்தது. அழுத்திய கரிக்கட்டிகள் மாற்றாக வழங்கப்பட்டன. அவ்வாண்டின் குளிர்காலத் தொடக்கத்திலேயே கார்பன் மோனாக்சைடு நச்சேற்றத்தால் பலர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், சிலர் இறந்தனர். எரிபொருள் மாறியது, அடுப்பும் குழாயும் பழையனவாகவே இருந்தன. வெளிக்காற்றைத் தூய்மையாக்க எடுத்த முயற்சி, வீட்டுக்குள்ளிருக்கும் காற்றைப் பற்றிய கேள்வியைத் தாமதமாகவே எழுப்பியது.

இந்தியாவுக்கு இது அயலார் கதையன்று. காஷ்மீரின் படகுவீடுகளிலும் லடாக்கின் குடியிருப்புகளிலும் எரியும் தகர அடுப்பு 'புகாரி'. நீராவியைக் குறிக்கும் அரபுச் சொல்லான 'புகார்' பாரசீகத்தின் வழியே இப்பெயரைத் தந்தது. காய்ச்சலைக் குறிக்கும் இந்திச் சொல்லும் அதுவே. புகாரியின் உயிர் அதன் குழாய். வட இந்தியச் சமவெளியில் ஏழைகளின் குளிர்காய்வுக்கு உதவுவதோ 'அங்கீட்டி'. அதற்குக் குழாய் கிடையாது. கதவடைத்த அறைக்குள்ளும் லாரியின் ஓட்டுநர் அறைக்குள்ளும் அதை எரியவிட்டு உறங்கியவர்கள் விடியலில் பிணமாகக் கண்டெடுக்கப்படும் செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறது. செய்தித்தாள்கள் அதை விபத்து என்கின்றன. போதிய போர்வையும் காற்றோட்டமுள்ள இருப்பிடமும் இல்லாதவர்களுக்கு மட்டுமே தொடர்ந்து நேரும் ஒன்றை விபத்து என்று அழைப்பது எளிது.

'அங்கீட்டி'யின் வேரும் 'அக்னி'தான். ஒரே வேரிலிருந்து கிளைத்த 'யாக்' வார்டோவுக்குள் எரிந்தபோது அதற்கொரு குழாய் கிடைத்தது. கிளைகள் முறித்துவிடாதபடி அக்குழாய்க்கு ஓர் இடமும் கிடைத்தது. லாரிக்குள் எரியும் அங்கீட்டிக்கு இன்னும் அது கிடைக்கவில்லை.