நள்ளிரவில் கேட்ட மூன்று அப்பம்: ஆகார விண்ணப்பமும் ‘எங்களுக்கு’ என்ற சொல்லும்

தமிழ்ச் சீர்திருத்தச் சபை வீடுகளில் இரவுக் குடும்ப ஜெபம் பெரும்பாலும் பரமண்டல ஜெபத்தோடுதான் முடியும். பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகூட அதைப் பிசகாமல் சொல்லிவிடும். அப்படி மனப்பாடமாகிப்போன வரிகளில் நாம் மிகக் குறைவாக யோசிப்பது ஆகாரத்துக்கான விண்ணப்பத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்றாடத் தியான நூல்கள் பலவும் அதைத் தனி மனிதனுக்கான வாக்குத்தத்தமாகவே விளக்குகின்றன: கர்த்தர் என் தேவையைச் சந்திப்பார். கேட்பவனும் ஒருவன், பெற்று உண்பவனும் அவனே. இந்த வாசிப்பை லூக்கா நற்செய்தி ஏற்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். விண்ணப்பத்துக்கான உரையை லூக்காவே அடுத்த வசனங்களில் எழுதி வைத்திருக்கிறார். தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த உரை எளிதில் கண்ணில் படுவதில்லை. நம் வீட்டுப் பெண்களின் அடுக்களையில் மட்டும் அது மறையாமல் இருந்தது.

முதலில் சிக்கலான சொல்லைப் பார்த்துவிடலாம். ஆகாரத்துக்கு அடைமொழியாகக் கிரேக்க மூலத்தில் ‘எபியூசியோஸ்’ என்ற சொல் நிற்கிறது. புதிய ஏற்பாட்டில் மத்தேயு 6:11, லூக்கா 11:3 ஆகிய இரண்டே இடங்களில் வரும் சொல் இது. இதை நற்செய்தியாளர்களே உருவாக்கியிருக்க வேண்டும் என்று கிரேக்கம் தாய்மொழிபோல் அறிந்த ஓரிகேனே 3ஆம் நூற்றாண்டில் எழுதினார். எரோனிமுஸ் லத்தீனில் இதே சொல்லை லூக்காவில் ‘அன்றாட’ என்றும், மத்தேயுவில் ‘பொருள்நிலைக்கு மேற்பட்ட’ என்றும் இருவிதமாக வைத்தார். எபிரெயர் நற்செய்தியில் அந்த இடத்தில் ‘நாளைக்குரிய’ என்ற பொருளுள்ள சொல் இருந்ததாகவும் குறித்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தில் கிடைத்த பாப்பிரசுத் துண்டு ஒன்றில், வீட்டுச் செலவுக் கணக்குக்கு நடுவே இச்சொல் இருப்பதாகச் செய்தி வந்தபோது அறிஞர்கள் பெரிதும் மகிழ்ந்தார்கள். பிறகு அந்தத் துண்டு காணாமல் போயிற்று. 1998இல் யேல் பல்கலைக்கழகத்தில் மறுபடி அகப்பட்டபோது வாசித்துப் பார்த்தால், அது ‘எண்ணெய்’. முதலில் படித்தவர் எழுத்தைத் தவறாகக் கண்டிருந்தார்.

ஆகவே அகராதி நம்மை ஓரளவுக்கு மேல் கொண்டுபோகாது. சொல் நின்றுவிடும் இடத்தில் கதைதான் துணை. யாத்திராகமம் 16இல் வனாந்தரத்தில் மன்னா விழுகிறது. ஆளுக்கு ஓர் ஓமர் அளவு. மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மீதி இல்லை, குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறைவும் இல்லை. மறுநாளைக்கென்று பதுக்கியது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பு. பசியைத் தீர்த்த அதே உணவு, அடுத்தவன் பங்கை எடுத்துவைத்துக்கொள்ளும் ஆசைக்கும் இடம் கொடுக்கவில்லை. எபியூசியோஸ் என்பதற்கு ‘இன்றைக்குப் போதுமான’ என்று பொருள் கொண்டாலும், ‘விடியப்போகும் நாளுக்கான’ என்று கொண்டாலும், அது அளவு குறித்த கேள்வியாகவே இருக்கிறது. தமிழ் வேதாகமத்தின் ‘வேண்டிய’ என்ற எளிய சொல் இந்த அளவை நன்றாகவே பிடித்திருக்கிறது.

இனி லூக்கா. 11ஆம் அதிகாரத்தில் ஜெபம் 4ஆம் வசனத்தோடு முடிகிறது. நம் வாசிப்பும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் இயேசு மூச்சு விடாமல் ஒரு கதையைத் தொடங்குகிறார். பயணம் வந்த சிநேகிதன் ஒருவன் நள்ளிரவில் வந்து சேர்கிறான். அவன் முன் வைக்க வீட்டில் ஒன்றுமில்லை. வீட்டுக்காரன் இன்னொரு சிநேகிதனின் கதவைத் தட்டி மூன்று அப்பம் கடன் கேட்கிறான். 3ஆம் வசனத்தில் கேட்கச் சொன்ன உணவுக்கும் 5ஆம் வசனத்தில் கேட்கப்படும் அப்பத்துக்கும் கிரேக்கத்தில் ஒரே சொல்தான்: ‘ஆர்டோஸ்’. மூலத்தைக் காதால் கேட்டவர்களுக்கு இந்தத் தொடர்ச்சி தப்பியிருக்காது. ஜெபத்தில் கேட்ட அப்பம் இரண்டு வசனம் தாண்டுவதற்குள் கதவைத் தட்டுகிறது. அதுவும் தட்டுகிறவன் உண்பதற்காக அல்ல, வந்தவன் உண்பதற்காக. கதவு திறந்தபின் அவன் பெறுவது தனக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு என்று 8ஆம் வசனம் சொல்கிறது. மன்னாவின் அளவு மறுபடி வந்துவிட்டது.

தமிழில் 3ஆம் வசனத்தில் ‘ஆகாரம்’, 5இல் ‘அப்பம்’. மொழிபெயர்ப்பாளர்களை இதற்காகக் குறைசொல்ல மாட்டேன். கோதுமை ரொட்டி அன்றாட உணவாக இல்லாத மண்ணில், ஜெபத்தில் அப்பம் என்று வைத்திருந்தால் அது விசேஷ நாள் பலகாரமாகவோ நற்கருணைப் பொருளாகவோ காதில் விழுந்திருக்கும். சோறும் கஞ்சியும் கேழ்வரகுக் களியும் அடங்க வேண்டும் என்று ‘ஆகாரம்’ எடுத்தது அருமையான முடிவு. அதற்குக் கொடுத்த விலை, ஜெபத்துக்கும் கதைக்கும் இடையே மூலத்தில் ஓடிய இழை அறுந்ததுதான். உபதேசியார்கள் அதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். நான் கேட்ட பிரசங்கங்களில் இந்தக் கதை எப்போதும் ஜெபத்தில் சோர்ந்துபோகாமை என்ற தலைப்பில்தான் வந்தது. ‘வருந்திக் கேட்பது’ என்ற தமிழ்த் தொடரும் அதற்கு வசதியாக அமைந்தது. அங்கே மூலச் சொல் ‘அனைதேயா’, அதாவது வெட்கமின்மை. அது யாருடைய வெட்கம் என்பதில் உரையாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. கேட்பவனுடையது என்றே நான் கொள்கிறேன். தனக்காக என்றால் விடியும்வரை பட்டினி கிடந்திருப்பான். விருந்தாளிக்காக ஆனதால் கூச்சத்தை உதறினான்.

இதற்கு ஒரு கனமான மறுப்பு உண்டு. அந்த ஜெபத்தை முதலில் சொன்னவர்கள் அன்றாடங்காய்ச்சிகள். மத்தேயு 20இல் ஒரு பணத்துக்காகத் தெருவில் காத்து நிற்கும் திராட்சத்தோட்டக் கூலிகளைப் போன்றவர்கள். அவர்கள் வாயில் அது சொந்தப் பசியின் குரல். அதைப் பிறருக்கான வேண்டுதலாக மாற்றுவது வயிறு நிறைந்தவர்களின் வாசிப்பு அல்லவா? நியாயமான கேள்வி. ஆனால் கதையில் கதவைத் தட்டுகிறவனைப் பாருங்கள். அவன் வீட்டிலும் ஒன்றுமில்லை. மிச்சம் வைத்திருந்து தானம் செய்கிறவனல்ல அவன். வெறுங்கையோடு நிற்பவன் இன்னொரு வெறுங்கைக்காகக் கேட்கிறான். லூக்கா சொந்தப் பசியை மறுக்கவில்லை, அதன் பக்கத்தில் இன்னொருவனை உட்கார வைக்கிறார்.

இங்கே தமிழ் இலக்கணம் நமக்கு ஓர் உதவி செய்கிறது. கிரேக்கத்தில் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழில் ‘நமக்கு’ வேறு, ‘எங்களுக்கு’ வேறு. ‘எங்களுக்கு’ என்றால் பேச்சைக் கேட்பவர் அதில் சேரமாட்டார். ஜெபத்தில் கேட்பவர் கடவுள், ஆகவே ‘எங்களுக்கு’ என்பதே சரி. நாளாவட்டத்தில் அந்த விலக்கு அடுத்த வீட்டின்மேலும் விழுந்துவிட்டதோ என்பதுதான் என் அச்சம். கதவைத் தாழிட்டு, பாய் விரித்து, குடும்பம் வட்டமாக உட்கார்ந்து ‘எங்களுக்கு’ என்னும்போது காதில் விழுவது இந்த நான்கு சுவருக்குள் இருப்பவர்களுக்கு என்றுதான். இலக்கணப்படி அந்தச் சொல் வெளியே நிறுத்துவது ஒரே ஒருவரை, பிதாவை மட்டும். மற்ற எவரையும் அது விலக்கவில்லை.

நான் மேலே சொன்ன அடுக்களைச் சாட்சி பிடியரிசி. உலைக்கு அரிசி அளந்தபின், களைவதற்கு முன், அளந்ததிலிருந்தே ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவது. ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும், ஏலத்தில் விற்று வரும் பணம் ஊழியத்துக்குப் போகும். இப்பழக்கம் நம்முடையது மட்டுமல்ல. மிசோரத்தில் 1910இல் தொடங்கிய ‘புஃபாய் தாம்’ என்ற பிடியரிசி வழக்கம் இன்றும் அங்குள்ள சபைகளுக்கு ஒரு தூணாக நிற்கிறது. இதில் கவனிக்க வேண்டியது பிடி எடுக்கும் இடம். மூட்டையிலிருந்து எடுத்தால் அது கொடை. அளந்த அரிசியிலிருந்து எடுத்தால் அன்றைய சோறு அந்த அளவு குறைகிறது, முகம் தெரியாத ஒருவர் அந்த வேளைப் பந்தியில் பங்காளியாகிறார். ‘எங்களுக்கு’ என்பதில் யாரெல்லாம் அடக்கம் என்று எழுத்தறியாத பெண்கள் நாள்தோறும் கையால் எழுதிய உரை இது என்பேன்.

அம்மாவின் பிடியரிசி டப்பா துருவேறிய பழைய பிஸ்கட் தகரம். ஒரு மாதக் கடைசியில், கடைசிப் பஸ்ஸில் அப்பாவைத் தேடி ஒருவர் வந்து இறங்கினார். அரிசிப் பானையில் அடி தெரிந்தது. அம்மா தகரத்தைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு மூடியைத் திறந்து, உழக்கால் தலைதட்டி இரண்டு அளந்து உலையில் போட்டாள். வந்தவர் சாப்பிட்டுத் திண்ணையில் படுத்தார். சம்பளம் வந்த அன்று அடுப்பு மூட்டுவதற்கு முன்பே அதே உழக்கில் இரண்டு அளந்து தகரத்தில் கொட்டி, அதன்மேல் அன்றைய பிடியையும் போட்டு மூடினாள்.