கோடைக்கானலின் சூரியத் தகடுகள்

விளைந்த மலைப்பூண்டைப் பனிமூட்டத்தின் ஈரம் தாக்காதபடி உலர்த்திக் காப்பது, அதை விளைவிப்பதற்குச் சற்றும் குறையாத காரியம் என்பதைப் பூம்பாறையின் படிக்கட்டு வயல்களில் பாடுபடும் குடியானவர்கள் நன்கு அறிவார்கள். அதே பழனி மலைத்தொடரில், மலைவாசிகள் அப்சர்வேட்டரி என்று வழங்கும் சூரிய ஆராய்ச்சி நிலையத்திலும், அதே ஈரத்துக்கு இரையாகாமல் ஓர் அரும்பெருஞ் செல்வம் காக்கப்பட்டு வந்திருக்கிறது. 1904ஆம் வருஷம் தொடங்கி, வானம் இடங்கொடுத்த நாளெல்லாம் சூரியனைப் படம்பிடித்துச் சேர்த்த புகைப்படத் தகடுகளின் தொகுதியே அது. கண்டறிந்தவர்களின் நாமங்களைப் போற்றும் நாம், காத்து வந்தவர்களின் தொண்டையும் சரித்திரத்தில் சேர்த்து எழுதக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்த ஸ்தாபனம் பிறந்ததற்குப் பின்னணியில் ஒரு பெருந்துயரம் இருந்தது. 1876இல் தொடங்கிச் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சோப லட்சம் மக்கள் மாண்ட பிறகு, சூரியனின் முகத்தில் தோன்றி மறையும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழை பொய்ப்பதற்கும் ஏதேனும் சம்பந்தம் உண்டோ என்னும் வினா விஞ்ஞானிகளிடையே வலுப்பெற்றது. 1792 முதல் நுங்கம்பாக்கத்தில் இயங்கி வந்த சென்னை வானாராய்ச்சி நிலையம் இத்தகைய ஆராய்ச்சிக்கு ஏற்றதாக இல்லாமையால், நீலகிரியையும் பழனி மலையையும் பரிசீலித்த வானியல் அறிஞர் மிச்சி ஸ்மித், சுமார் 2343 மீட்டர் உயரமுள்ள கோடைக்கானல் குன்றைத் தேர்ந்தார். கவர்னர் வென்லாக் 1895இல் அஸ்திவாரக் கல் நாட்டினார். 1899இல் நிலையம் அமைந்தது. 1901இல் முறையான பணி ஆரம்பமாயிற்று.

1904இல் வந்து சேர்ந்த ஸ்பெக்ட்ரோஹீலியோகிராப் என்னும் கருவி, சூரிய ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அதில் கால்சியத்துக்குரிய ஒரு மெல்லிய கோட்டை மட்டும் தனியே எடுத்து, அந்த ஒரே ஒளியில் சூரிய பிம்பம் முழுவதையும் தகட்டில் பதித்துக் கொடுக்கும் திறன் வாய்ந்தது. 1907இல் அங்கு வந்த வானியல் அறிஞர் ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில், கரும்புள்ளியின் உட்பகுதியிலிருந்து வெளிநோக்கி வாயு பாய்வதைக் கண்டறிந்தார். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே உலகெங்கும் வழங்குகிறது. ஹைட்ரஜன் ஒளியில் எடுக்கும் படங்கள் 1912 முதல் சேரலாயின. எவர்ஷெட்டும் அவர் மனைவி மேரியும், சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைப் பற்றிப் பல வருஷக் குறிப்புகளை ஒப்புநோக்கி, 1917இல் ஒரு விரிவான நூலை வெளியிட்டனர். சேமித்ததை எடுத்து ஆய்ந்தால் என்ன பயன் விளையும் என்பதற்கு அதுவே ஆரம்ப காலச் சான்று.

இத்தகைய தகட்டைக் காப்பது எளிய காரியமன்று. கண்ணாடியின் மேல் ஜெலட்டின் பசையில் வெள்ளி உப்பைக் கலந்து பூசிய மெல்லிய படலத்திலேதான் உருவம் நிற்கிறது. ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, உலரும்போது சுருங்குவதால், பருவந்தோறும் இது நிகழ்ந்தால் படலம் கண்ணாடியை விட்டுப் பிரியும். ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். பதம் செய்த ரசாயனம் நன்கு கழுவப்படாமல் தங்கிவிட்டால் உருவம் மஞ்சளித்து மங்கும். ஆகவே, தகடுகளைத் தனித்தனி உறையிலிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் விளிம்பில் நிறுத்தி, தூசும் ஈரமும் அண்டாத அறையில் வைப்பதும், படலத்தைத் தொடாமல் ஓரத்தைப் பிடித்தே எடுப்பதும் முறை. தேதியும் நேரமும் குறிக்கப்படாத தகடோ, எவ்வளவு தெளிவாக இருப்பினும், ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் பயன்படாது. இவ்வளவு நியமங்களையும் வருஷக்கணக்கில் வழுவாது அனுசரிப்பதற்குப் புத்தி மட்டும் போதாது, சிரத்தையும் வேண்டும். கோடைக்கானல் நிலையத்தில் ஒரே குடும்பத்தில் பாட்டன், தந்தை, மகன் என மூன்று தலைமுறையினர் சூரியனை நோக்கும் பணியில் ஈடுபட்டது அந்தச் சிரத்தைக்கு அத்தாட்சி.

கரும்புள்ளிகள் பெருகிக் குறையும் சுழற்சிக்குச் சுமார் 11 வருஷம் ஆவதால், ஒரு விஞ்ஞானி தம் வாழ்நாளில் மூன்று, நான்கு சுழற்சிகளுக்கு மேல் நேரில் கண்டு ஆராய்வது அரிது. நூறாண்டைக் கடந்த இத்தொகுதியோ பல சுழற்சிகளை ஒருங்கே கண்முன் நிறுத்துகிறது. உலகில் இவ்வளவு நீண்ட தொடர் மிகச் சில இடங்களிலேயே உண்டு. 1971இல் உருவான இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பொறுப்பில் இத்தகடுகள் கணினிப் படிவங்களாக மாற்றப்பட்டன. முதல் முறை எடுத்த படிவங்களைவிட, பிற்காலத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் 4096 புள்ளிகள் கொண்ட கருவியால் மீண்டும் எடுத்தவை நுட்பம் மிகுந்திருந்தன. முதற்படிவம் வந்தவுடனே மூலத் தகடுகளை வீண்சுமையென்று எறிந்திருந்தால், இந்த இரண்டாம் பயன் கிட்டியே இராது.

ஆதலின், நகல் எடுத்துவிட்டோம், இனி மூலம் எதற்கு என்னும் எண்ணம் நம் கல்லூரிகளிலும் ஆபீஸ்களிலும் நூலகங்களிலும் தலைதூக்கும்போதெல்லாம், கோடைக்கானலின் தகடுகளை நினைவில் கொள்ள வேண்டும். பழைய கருவிகளையும், வரைபடங்களையும், கையெழுத்துப் பதிவேடுகளையும் தம் பொறுப்பில் வைத்திருப்போர், நகலைப் பலருக்கும் பயன்பட வழங்கி, மூலத்தை ஈரமும் பூச்சியும் தீண்டாமல் காத்துத் தருவார்களாக. அவற்றிடம் எதிர்காலம் என்ன கேள்வி கேட்கும் என்பதை நாம் இன்றே தீர்மானித்துவிட முடியாது.